வீட்டில் செய்த கிடார் கேபினெட் மக்கர் செய்தால்: மலைப்பக்கத்துக்காரர்களுக்கு ஒரு பழுது நீக்கும் வழி

"ஸ்பீக்கர் போயிடுச்சுங்கண்ணா. கோயமுத்தூர் போய்ப் புதுசுதான் வாங்கணுமாட்ட இருக்கு." என் வீட்டுக்குக் கேபினெட்டை, அதாவது கிடார் ஆம்ப்ளிஃபையரின் (ஆம்ப்) சத்தத்தை வெளியே விடும் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற பையன்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கும். பழுது மரத்தில் இருக்கும், பசையில் இருக்கும், தளர்ந்த ஸ்க்ரூவில் இருக்கும், இல்லாவிட்டால் ஈரம் பிடித்த ஜாக்கில் (கேபிளைச் செருகும் துளையில்) இருக்கும். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர் என்று எங்கே இருந்து வந்தாலும் கதை ஒன்றுதான். சமவெளியில் பத்து வருடம் சும்மா கிடக்கும் பெட்டி இங்கே இரண்டு மழைக்காலத்தில் பல்லிளித்துவிடும்.

கீழே உள்ளது 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றோ இரண்டோ போட்டு, 18 மி.மீ. பிளைவுட்டிலோ பலகையிலோ வீட்டிலேயே கட்டிய பெட்டிக்கானது. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில்.

கை வைக்கும் முன்

வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வில் ஓடுவது) வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்பை ஆன் செய்து வாசிக்கவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், அதன் விலையில் இன்னொரு கேபினெட் கட்டலாம். கேபினெட்டில் ஒரு வயரைத் தொடுவதாக இருந்தாலும் ஆம்பை அணைத்துப் பிளக்கை உருவிவிட்டுத் தொடுங்கள். ஸ்டாண்ட்பையில் போட்டால் போதாது. ஆம்பின் உள்ளே மட்டும் எக்காரணம் கொண்டும் கை விட வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

தேவையானவை: ஒரு மல்ட்டிமீட்டர் (மலிவானதே போதும்), சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் செல் ஒன்று, ஸ்க்ரூ டிரைவர், டார்ச், சுருதி ஒலிக்கும் செயலி உள்ள கைபேசி, நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு ஸ்பீக்கர் கேபிள். 9 வோல்ட் பேட்டரி வைத்துச் சோதிக்கச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு 1.5 போதும் என்றுதான் படுகிறது.

அறிகுறி 1: சத்தமே வரவில்லை

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். இதைச் செய்யாமலேயே பெட்டியைப் பிரித்தவர்களில் நானும் ஒருவன். கேபிள் என்றால் ஸ்பீக்கர் கேபிள். கிடாரிலிருந்து ஆம்புக்குப் போகும் கேபிளும் இதே ஜாக்கில் போய் உட்காரும் என்பதால் பலர் அதையே போட்டுவிடுகிறார்கள். அதன் உள்கம்பி மிக மெல்லியது, ஆம்பின் சக்தியைத் தாங்காது. சூடாகி ஒருநாள் அறுந்துவிடும். வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மி.மீ. பல இழை வயரை வாங்கி இரண்டு பிளக் வைத்துச் சால்டர் செய்தால் தரமான ஸ்பீக்கர் கேபிள் கையில்.

கேபிள் சரி என்றால் செல் சோதனை. கேபிளின் ஒரு முனை கேபினெட்டில் இருக்கட்டும். ஆம்பிலிருந்து உருவிய மறுமுனை பிளக்கின் நுனியில் செல்லின் மொட்டுப் பக்கத்தையும், பிளக்கின் உடம்பில் தட்டைப் பக்கத்தையும் ஒரு துண்டு வயர் கொண்டு தொட்டுத் தொட்டு எடுங்கள்.

*'டக்' என்று கேட்டால்:* கேபினெட் நலம். நோய் ஆம்பில் இருக்கிறது, இந்தக் கட்டுரையை மூடிவிடலாம்.

*கேட்காவிட்டால்:* பின்பலகையைக் கழற்றி, அதே செல்லை ஸ்பீக்கரின் முனைகளிலேயே நேராகத் தொடுங்கள். இப்போது 'டக்' வந்தால் ஜாக்கோ, ஜாக்கிலிருந்து வரும் வயரோதான் குற்றவாளி. ஸ்பீக்கரில் வயர் மாட்டியிருக்கும் திம்பிள் (வயர் நுனியில் உள்ள உலோகக் கவ்வி) கழன்று தொங்குவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கொறடால் லேசாக நசுக்கி மாட்டினால் முடிந்தது.

*ஸ்பீக்கர் முனையிலும் அமைதி என்றால்:* ஒரு வயரைக் கழற்றிவிட்டு மீட்டரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 8 காட்டாது. 6, 7 என்று காட்டினால் நல்லது. 16 ஓம் என்றால் 11 முதல் 14 வரை. மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் ஒன்று வாய்ஸ் காயில் (காந்த இடுக்கில் இருக்கும் கம்பிச் சுருள்) எரிந்திருக்கும், அல்லது முனையிலிருந்து கோனுக்கு (அதிர்ந்து சத்தம் தரும் தாள் கூம்புக்கு) போகும் ஜரிகை போன்ற மெல்லிய பின்னல் கம்பி அறுந்திருக்கும். கோனை இரண்டு விரலால் மெதுவாக அசைக்கும்போது மீட்டரில் எண் வந்து வந்து போனால் ஜரிகைக் கம்பிதான். கை பழகிய டிவி மெக்கானிக் அதைச் சால்டர் செய்து கொடுத்துவிடுவார். எண் வரவே இல்லை, முகர்ந்தால் தீய்ந்த வாசனை வேறு என்றால் காயில் போய்விட்டது. இது ரீகோன் வேலை, அதாவது கோனையும் காயிலையும் புதிதாக மாற்றுவது; வீட்டில் ஆகாது.

இரண்டு ஸ்பீக்கர் உள்ள பெட்டியில் ஒரு விஷயம். தொடராக (சீரிஸ்) இணைத்திருந்தால் ஒன்று செத்தால் இரண்டும் ஊமை. இணையாக (பேரலல்) இருந்தால் ஒன்று மட்டும் பாடிக்கொண்டிருக்கும், நீங்களும் கவனிக்காமல் மாதக்கணக்கில் வாசிப்பீர்கள். எப்போதாவது முகத்தை ஒவ்வொரு கோனுக்கும் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு.

அறிகுறி 2: விட்டு விட்டு வருகிறது, தட்டினால் வருகிறது

மலையில் இது ஜாக்கின் வியாதி. கூடலூரிலும் ஊட்டியிலும் ஜூன் தொடங்கித் தென்மேற்கு மழை, குன்னூரிலும் கோத்தகிரியிலும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. எந்தப் பக்கம் இருந்தாலும் வருடத்தில் சில மாதம் உலோகம் எல்லாம் வேர்த்துக்கொண்டுதான் இருக்கும். ஜாக்கின் உள்நாக்கில் கறுப்புப் படலம் ஏறிவிடும்.

பிளக்கைப் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுங்கள். அதிலேயே பாதி சரியாகும். அப்புறம் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை ஒரு பீய்ச்சு பீய்ச்சி மறுபடி செருகி எடுங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெயை அடிக்க வேண்டாம், அது தூசியைச் சேர்க்கும். பிளக் தொளதொளவென்று இருந்தால் ஜாக்கின் வளைந்த நாக்கைச் சிறிது உள்பக்கமாக வளைத்துவிடுங்கள். வெளி நட்டு தளர்ந்து ஜாக் முழுவதும் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். சுற்றச் சுற்ற உள்ளே வயர் முறுக்கிக்கொண்டு சால்டர் விட்டுப்போகும். எதற்கும் மசியாவிட்டால் ஜாக்கையே மாற்றிவிடுங்கள், விலை குறைவுதான்.

வால்வு ஆம்ப்காரர்கள் இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். சத்தம் விட்டுப்போகும் ஒவ்வொரு நொடியும் ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாமல் ஓடுகிறது என்றுதான் அர்த்தம்.

அறிகுறி 3: சில சுரங்களில் மட்டும் கடகடக்கிறது, ஜிர்ர் என்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான், அதிகம் பொறுமை கேட்பதும் இதுதான்.

முதலில் கடகடப்பது கேபினெட்தானா என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் முதன்முதலில் கட்டிய பெட்டி கீழ்க் கம்பியில் ஜி வாசித்தால் மட்டும் நடுங்கியது. இரண்டு நாள் ஒவ்வொரு ஸ்க்ரூவாக முறுக்கினேன், பின்பலகையில் ஃபோம் ஒட்டினேன், கடைசியில் ஸ்பீக்கரையே கழற்றி மாற்றி மாட்டினேன். மூன்றாம் நாள் அம்மா காபி கொண்டுவந்தவர், "அந்த ஜன்னல் கண்ணாடியில கொஞ்சம் பேப்பர மடிச்சு வைடா, காலையில இருந்து காது வலிக்குது" என்றார். பழைய வீட்டு ஜன்னல், மக்கு காய்ந்து உதிர்ந்து கண்ணாடி சட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மரத் தரை, தகரக் கூரை, அலமாரியில் அடுக்கிய பீங்கான் எல்லாமே மலை வீடுகளில் சேர்ந்து பாடும். எனவே பெட்டியை வாசலுக்குத் தூக்கி வந்து மண் தரையில் வைத்து வாசியுங்கள். மழை இல்லாத நாளாகப் பார்த்து.

*வெளியே கடகடப்பு இல்லை என்றால்:* வீட்டைப் பாருங்கள். பெட்டியின் அடியில் ரப்பர் பாதம் நான்கு வைத்தால் தரைக்கு அதிர்வு போவது குறையும்.

*வெளியேயும் வருகிறது என்றால்:* கிடாரைக் கீழே வையுங்கள். கைபேசியில் சுருதிச் செயலியைத் திறந்து ஆம்போடு இணைத்து 70 ஹெர்ட்ஸில் தொடங்கி 400 வரை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். கிடாரின் தடித்த கம்பி திறந்த நிலையில் சுமார் 82 ஹெர்ட்ஸ், அடுத்தது 110, அதற்கடுத்தது 147, மெல்லிய கம்பி 330. சத்தம் மிதமாக இருக்கட்டும். எந்த எண்ணில் கடகடக்கிறதோ அங்கேயே நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் பெட்டியின் ஒவ்வொரு உறுப்பையும் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். எங்கே கை வைத்தால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் பழுது.

கைப்பிடியில் தொடங்குங்கள். வாரில் செய்த கைப்பிடியின் இரும்பு மூடி, மூலைகளில் அடித்த பிளாஸ்டிக் காப்பு, பெயர்த் தகடு, சக்கரம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு துண்டு ரெக்சினோ சைக்கிள் டியூபோ வெட்டி வைத்தால் போதும். பிறகு ஜாக் தகடு. பிறகு கிரில் துணியின் சட்டம்: ஈரத்தில் துணி தொய்ந்து சட்டம் முன்பலகையில் தட்டிக்கொண்டிருக்கும். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் ஃபோம் டேப் ஒட்டுங்கள்.

அடுத்து பின்பலகை. கழற்றிவிட்டு வாசியுங்கள். நின்றுவிட்டால் ஸ்க்ரூ எண்ணிக்கை போதவில்லை என்று பொருள். ஒவ்வொரு அரை அடிக்கும் ஒரு ஸ்க்ரூ, நடுவே ஃபோம் டேப். மூடிய பெட்டிகளில் 'உஸ்' என்று காற்று சீறும் சத்தத்தைக் கடகடப்பு என்று நினைத்துக் கொள்பவர்கள் உண்டு. ஓரத்தில் ஊதுபத்தி வைத்தால் புகை எங்கே ஆடுகிறது என்று தெரிந்துவிடும். நெருப்பு ரெக்சினில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே டார்ச் அடியுங்கள். வயர் கோனின் முதுகைத் தொடுகிறதா? ஒரு கேபிள் டை போட்டு ரீப்பரோடு (உள்ளே அடித்த மரச் சட்டத்தோடு) கட்டுங்கள். ஜரிகைக் கம்பி கோனில் அடிக்கிறதா? முனைப் பக்கமாக மெல்ல வளைத்துவிடுங்கள், இழுக்காதீர்கள். கட்டும்போது கீழே விழுந்த ஸ்க்ரூ ஒன்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டு மணி அடித்துக்கொண்டிருக்கலாம், இது எனக்கே இரண்டு முறை நடந்தது. பின்பக்கம் திறந்த ஒரு பெட்டிக்குள் எலி கூடு கட்டி, கொண்டுவந்து சேர்த்த கொட்டைகள் உருண்டுகொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

*இத்தனைக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால்:* பலகையைத் தட்டுங்கள். விரல் முட்டியால் நான்கு விரல் இடைவெளியில் முழுப் பெட்டியையும் தட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் சத்தம் மாறும், உள்ளே பருப்பில்லாத வேர்க்கடலையைத் தட்டியது போல. மலிவு பிளைவுட்டில் உள் அடுக்குகளில் துண்டு விட்டுப்போய் ஓட்டை இருக்கும், அந்த இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். உள்பக்கத்திலிருந்து 3 மி.மீ. துளை இரண்டு போட்டு, ஒன்றில் ஊசியில்லாத சிரிஞ்சால் அரால்டைட்டைச் செலுத்துங்கள். மற்றதில் பசை எட்டிப் பார்க்கும்வரை. ஒரு இரவு கழித்துத் தட்டிப் பாருங்கள். துளை போடும் முன் ஸ்பீக்கரைக் கழற்றி அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். ஏன் என்பது அடுத்த அறிகுறியில்.

கடைசியாக மூட்டுகள். மூலையை இரு கையாலும் பிடித்துத் திருகினால் 'கிரீச்' என்றால் பசை விட்டிருக்கிறது. அறிகுறி 7க்குப் போங்கள்.

அறிகுறி 4: எல்லாச் சுரங்களிலும் உரசல், கிழிந்த தாள் போன்ற சத்தம்

ஆம்பை அணைத்துவிட்டு, ஐந்து விரலையும் கோனில் நடு வட்டத்தைச் சுற்றிச் சமமாக விரித்து வைத்து, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். சத்தமில்லாமல் போய் வந்தால் நல்லது. 'சரசர' என்றால் காயில் காந்த இடுக்கில் உரசுகிறது. ஒரு விரலால் ஒரு பக்கம் அழுத்திவிட்டு உரசுகிறது என்று சொல்லாதீர்கள். அப்படி அழுத்தினால் எந்த ஸ்பீக்கரும் உரசும்.

*உரசினால்:* ஸ்பீக்கரின் எல்லா ஸ்க்ரூவையும் ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள். நின்றுவிட்டதா? அப்படியானால் முன்பலகை வளைந்திருக்கிறது, அல்லது நீங்கள் லாரி டயர் மாட்டுவதுபோல முறுக்கியிருக்கிறீர்கள். ஸ்பீக்கரின் இரும்புச் சட்டம் நாம் நினைப்பதைவிட எளிதாக முறுக்கிக்கொள்ளும். ஸ்க்ரூக்களை எதிரெதிராக, முதலில் விரலால், பிறகு அரைச் சுற்று. அவ்வளவே. மரத்தில் நேராக அறையும் ஸ்க்ரூவைவிட டீ-நட்டும் (மரத்தின் பின்புறம் பதியும் உலோக நட்டு) போல்ட்டும் நல்லது. ஈரத்தில் ஊறிய பிளைவுட்டில் மர ஸ்க்ரூ பிடிப்பை இழக்கும், அதற்காகவே ஆட்கள் அதிகம் முறுக்குவார்கள்.

முன்பலகை வளைவைப் பார்க்க ஸ்பீக்கரைக் கழற்றி, துளையின் குறுக்கே ஒரு இரும்பு ஸ்கேலை வையுங்கள். அடியில் ஒரு மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் வளைவு உண்டு. சிறு வளைவு என்றால் ஸ்பீக்கருக்கும் பலகைக்கும் நடுவில் ஃபோம் கேஸ்கெட் போதும். அதற்கு மேல் என்றால் முன்பலகையை மட்டும் மாற்றுங்கள், 18 மி.மீ. மெரைன் பிளையில். துளையின் அளவு ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறும். செலஸ்டியன் கம்பெனியின் 12 அங்குல ஸ்பீக்கருக்கு 283 மி.மீ. உங்களுடையதை அளந்துவிட்டு வெட்டுங்கள்.

*தளர்த்தியும் உரசினால், ஸ்பீக்கர் பழையது என்றால்:* தலைகீழாகத் திருப்பி மாட்டிப் பாருங்கள். வருடக்கணக்கில் ஒரே திசையில் தொங்கிய கோன் கீழே சாய்ந்திருக்கும். திருப்பினால் சில நேரம் சில வருட ஆயுள் கூடும்.

*திருப்பியும் உரசினால்:* இடுக்கில் இரும்புத் தூளோ துருவோ போயிருக்கிறது. ஸ்பீக்கரை மாட்டியபடியே பெட்டியில் டிரில் போட்டவர்களுக்கு இது கிடைக்கும் பரிசு. காந்தம் தூளை இழுத்து வைத்துக்கொள்ளும். கோனின் நடு மூடியைக் கிழித்து ஊதிப் பார்க்கும் வேலையெல்லாம் வேண்டாம். ரீகோன்காரரிடம் போங்கள்.

நடு மூடியின் ஓரம் மட்டும் விட்டிருந்தாலும் இதே மாதிரி 'ஸ்ஸ்' என்று கேட்கும். வாசிக்கும்போது மூடியின் ஓரத்தைப் பஞ்சால் மெல்லத் தொட்டால் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் குண்டூசி நுனியில் ரப்பர் பசை எடுத்துத் தடவுங்கள். ஒரு மணி நேர வேலைகூட இல்லை.

அறிகுறி 5: சத்தம் ஒல்லியாக இருக்கிறது, அடி கனமே இல்லை

இரண்டு ஸ்பீக்கர் பெட்டி என்றால் ஒன்றின் கூட்டல், கழித்தல் மாறியிருக்கிறது என்று பந்தயமே கட்டலாம். ஒன்று முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். கனமான சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். செல்லின் மொட்டுப் பக்கத்தைக் கூட்டல் முனையில் வைத்தால் கோன் வெளியே தள்ள வேண்டும். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று உள்ளே போனால் அதன் வயர்களை இடம் மாற்றுங்கள். காம்போ ஆம்போடு (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) தனிக் கேபினெட் சேர்த்து வாசிப்பவர்களுக்கும் இதே கதைதான், இரண்டு பெட்டிக்கு நடுவில்.

ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியில் ஒல்லிச் சத்தம் என்றால் முதலில் இடத்தை மாற்றுங்கள். நாற்காலியிலிருந்து இறக்கித் தரையில், சுவருக்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள். போதவில்லையா? பின்பக்கம் முழுதும் திறந்திருந்தால் மேலும் கீழும் ஒரு பலகை அடித்து நடுவில் ஒரு பங்கு மட்டும் திறந்து விடுங்கள்.

அதற்கு நேர்மாறாக: குடத்துக்குள் இருந்து வருவது போல

சிறிய பெட்டியை முழுதும் மூடினால் இப்படித்தான். பின்பலகையைக் கழற்றி வாசித்துப் பாருங்கள், பிடித்திருந்தால் அப்படியே விடுங்கள். உள்ளே பஞ்சு அடைக்க வேண்டாம். கிடார் கேபினெட் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் இல்லை. பின்சுவரில் மட்டும் ஒரு பழைய கம்பளித் துண்டு, அதற்கு மேல் எனக்கு ஒப்பாது.

அறிகுறி 6: ஆம்ப் கொதிக்கிறது, ஃபியூஸ் போகிறது

வாசிப்பதை நிறுத்துங்கள். ஆம்பின் பின்னால் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு கேபினெட்டின் கேபிள் முனையில் மீட்டர் வையுங்கள்.

இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் இணையாக இருந்தால் 4 ஓம், மீட்டரில் 3 முதல் 3.5. தொடராக என்றால் 16 ஓம், மீட்டரில் 12, 13. இரண்டு 16 ஓம் இணையாக என்றால் 8. டிரான்சிஸ்டர் ஆம்பில் எழுதியிருக்கும் ஓமுக்குக் கீழே போகக் கூடாது. மேலே போனால் சத்தம் குறையும், கேடு இல்லை. வால்வு ஆம்பில் எண் பொருந்த வேண்டும். 8 ஓமையும் 16 ஓமையும் ஒரே பெட்டியில் கலக்காதீர்கள், இணையாக இருந்தால் 8 ஓம்தான் இரண்டு மடங்கு அடி வாங்கும்.

மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் எங்கோ ஷார்ட். ஜாக்கில் சால்டர் செய்த இடத்தில் ஒற்றை இழை ஒன்று நீண்டு மறுமுனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். கேபினெட் சரியான ஓம் காட்டியும் ஃபியூஸ் போனால் ஆம்ப் மெக்கானிக்கிடம் கொடுங்கள். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிப்பது வீட்டைக் கொளுத்தும் வழி.

சும்மா இருக்கும்போது 'ம்ம்ம்' என்று இரைகிறது என்று கேபினெட்டைத் தூக்கி வருபவர்களுக்கு: கேபினெட்டுக்குத் தானாக இரையத் தெரியாது. கிடார், கேபிள், வீட்டு எர்த் இந்த மூன்றையும் பாருங்கள். எர்த் சந்தேகம் என்றால் எலக்ட்ரீஷியன், அதுவும் அன்றைக்கே.

அறிகுறி 7: மூட்டு விடுகிறது, பலகை முறுக்குகிறது, ரெக்சின் உரிகிறது

*மூட்டு விட்டிருந்தால்:* விட்ட இடத்தில் காய்ந்த பசையை நகத்தால் சுரண்டுங்கள். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் மரம்தான் இழுத்திருக்கிறது. சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் குளிரில் ஒட்டியிருக்கிறீர்கள். வெள்ளைப் பசை சுமார் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் படலம் கட்டாது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். மாலையில் ஒட்டிவிட்டுக் கொட்டகையில் வைத்தால் காலையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மாதத்தில் மூலை வாய் திறக்கும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த ஆசாரி அந்த மாதங்களில் காலை பத்து மணிக்கு முன்னும் மாலை மூன்று மணிக்குப் பின்னும் பசை டப்பாவைத் திறக்க மாட்டார். "வெயில் ஏறட்டும் தம்பி, பசைக்கும் குளிருமில்ல" என்பார்.

சரி செய்ய: மூட்டை முழுதும் பிரித்து, பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். வெள்ளைப் பசை பழைய பசையின்மேல் ஒட்டாது. பிரிக்க முடியாத இடத்தில் எபாக்சி. நீர் தாங்கும் மெரைன் பசையே வாங்குங்கள். கிளாம்ப் இல்லாவிட்டால் சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிப் பெட்டியைச் சுற்றி இழுத்து இழுத்துக் கட்டுங்கள். நான்கு மூலையும் ஒரே சீராக இறுகும். அடுப்படியை ஒட்டிய அறையில் ஒரு முழுநாள் விடுங்கள். மூலைகளுக்கு உள்ளே முக்கால் அங்குல ரீப்பர் அடித்துவிட்டால் மறுபடி விடாது.

*பலகை முறுக்கியிருந்தால்:* என்ன மரம்? இங்கே சுலபமாகக் கிடைப்பது தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வைக்கும் சில்வர் ஓக். பார்க்க அழகு, எடையும் குறைவு, எனக்கும் பிடிக்கும். ஆனால் மில்லிலிருந்து பச்சையாக வாங்கி அடுத்த வாரமே பெட்டி கட்டினால் அது காயும்போது தன் இஷ்டத்துக்குத் திரும்பும். ஒரு அங்குலப் பலகைக்கு ஒரு வருடமாவது, மழை படாமல் காற்றாட, இடையில் குச்சி வைத்து அடுக்கிக் காய வைக்க வேண்டும். பக்கங்கள் பலகையும் முன்பக்கம் பிளையுமாகக் கட்டியிருந்தால் இன்னொரு தொல்லை: பலகை மழையில் அகலத்தில் உப்பும், பிளை உப்பாது. நடுவில் ரீப்பரில் வெடிப்பு வரும். ரீப்பரைப் பலகையில் பசையிட்டு ஒட்டியிருந்தால் எடுத்துவிட்டு, ஸ்க்ரூ துளையை நீளவாக்கில் அகலப்படுத்தி வாஷர் போட்டு மாட்டுங்கள். பலகை நகர இடம் கிடைக்கும். ஏற்கெனவே திருகிப்போன பலகையை நேராக்க முயன்று நேரம் வீணாக்காதீர்கள்; அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாக வெட்டுங்கள், அல்லது ஆசாரியிடம் விடுங்கள்.

எம்.டி.எஃப்-இல் (மரநாரை அழுத்திச் செய்த பலகையில்) கட்டிய பெட்டியின் அடி ஓரம் உப்பியிருந்தால் மருந்தே கிடையாது. அடுத்த பெட்டியை பிளையில் கட்டுங்கள்.

*ரெக்சின் உரிந்தால்:* கார் சீட் தைக்கும் கடையில் ரப்பர் பசை கேளுங்கள். இரு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்துங்கள். மழை நாளில் அந்தப் பதம் வர இரண்டு மடங்கு நேரம் ஆகும், அவசரப்பட்டால் மறுபடி உரியும்.

அறிகுறி 8: கோனில் வெள்ளைப் பூஞ்சை, பெட்டிக்குள் மக்கிய வாசனை

உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டி விடுங்கள், வெயிலில் வெளியே வைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு. கோனில் தண்ணீரோ வினிகரோ படக் கூடாது, அது தாள். மரத்தின் உள்பக்கத்தை மட்டும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கலாம். கோன் தாள் மெத்தென்று தொய்ந்து, விளிம்பில் பிரிந்திருந்தால் அது ரீகோன்.

திரும்ப வராமல் இருக்க, வாசிக்காத நேரத்தில் பெட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு ரீப்பர் துண்டின்மேல், வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள், உள்ளே வேர்த்துவிடும். பழைய பருத்திப் போர்வை போதும். இங்கே துணி அலமாரிக்குள் எரிய விடுவதுபோல 15 வாட் குண்டு பல்பு ஒன்றை அறையின் அந்த மூலையில், துணியிலும் ரெக்சினிலும் படாமல் எரிய விடலாம். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, அதில் வெளிச்சம்தான் உண்டு, சூடு இல்லை. கச்சேரிக்கு மேட்டுப்பாளையம் இறங்கினால், மலையில் குளிர்ந்த பெட்டி கீழே வெக்கைக் காற்று பட்டதும் வேர்க்கும். இறக்கியவுடன் செருகாமல் ஒரு மணி நேரம் திறந்து வைத்துவிட்டு வாசியுங்கள்.

கோவைக்குக் கொண்டுபோவது என்றால்

காயில் எரிந்தது, திருப்பி மாட்டியும் உரசுகிறது, கோன் கிழிந்து விளிம்பு விட்டது. ஸ்பீக்கருக்காக மலை இறங்க வேண்டியவை இவ்வளவுதான். மைக் செட் ஸ்பீக்கருக்கு ரீகோன் செய்பவர்கள் கைத்திறன் உள்ளவர்கள்தான், ஆனால் கையில் இருக்கும் கோனை மாட்டிவிடுவார்கள். அது பாடும், உங்கள் ஸ்பீக்கரின் குரலில் பாடாது. "கிடார் ஸ்பீக்கருங்க, இதே எடை கோன், இதே ஓம் காயில் கிடைக்குமாங்க?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இல்லை என்றால் கூலியையும் புது ஸ்பீக்கர் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முழுப் பெட்டியையும் சுமக்க வேண்டாம். ஸ்பீக்கரை மட்டும் கழற்றி, கோன் பக்கம் ஒரு அட்டையை வெட்டி வைத்து, சட்டத்தின் துளைகளில் நூலால் கட்டுங்கள். பஸ்ஸின் டிக்கியில் போடாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் யாருடைய கேரட் மூட்டையாவது அதன்மேல் சாயும். காந்தம் கீழே இருக்கும்படி மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.